சிலுவையடிமையின் பங்கு

விழிஞ்ஞத்துக்குத் தெற்கே எங்கள் கரையில் நின்று இழுக்கிற பெரிய வலையைக் கரமடி என்போம். அதில் ஒரு வழக்கம் உண்டு. மீன் விழுந்த வலையின் மடி அலைவாய்க்கு வருமுன் கயிற்றில் கை வைத்தவர்களுக்கெல்லாம் பங்கு. கிழவனா, குருடனா என்று கேட்கக் கூடாது. அதை நம்பித்தான் சிலுவையடிமை மாமன் தினமும் கரைக்கு வந்துகொண்டிருந்தார்.

ஆயுளெல்லாம் கடலில் கிடந்த மனிதர். கச்சான் காற்றடிக்கும் ஆனி ஆடியில் வள்ளம் தள்ள முடியாமல் பட்டினி. ஆவணியில் நெத்தோலி வந்தால் நாலு நாள் வயிறு நிறையும். வாடைக் காற்றுக்குச் சாளை. பங்குனியில் தூண்டிலோடு காய்ந்து கிடந்துவிட்டுச் சும்மா திரும்புவது. கண்ணில் புரை விழுந்த பிறகு அவரை வள்ளத்தில் ஏற்ற ஆளில்லை. மகன் செல்வினும் மருமகள் பிஜியும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் கறிக்கு மீன் கொண்டுபோகாத நாளில் அவர் சோற்றுக்கு உட்கார மாட்டார். அப்படி ஒரு வீம்பு. எனக்கு அந்த வீம்பு பிடிக்கும்.

நான் கரையில் மீன் எடுத்து பட்டணத்தில் ஆரியசாலைப் பக்கம் கொண்டுபோய் விற்கிறவள். போன மார்கழியில் ஒரு காலை, வலைக்குச் சொந்தக்காரர் மகன் ஜிபின் மாமனைக் கைபிடித்துக் கூட்டிவந்தான்.

"பாட்டா, இன்னைக்கு இங்க பிடிச்சா போதும்," என்று ஒரு கயிற்றைக் கொடுத்தான்.

அது வலைக் கயிறே அல்ல. கரையேற்றிப் போட்டிருந்த வள்ளத்தின் கயிறு; மறுமுனை அந்த வள்ளத்திலேயே கட்டியிருந்தது. மாமன் குதிகாலை மணலில் ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுத்தார். பயல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தன் போனில் படம் பிடித்தான். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

கிட்டே போய், "மாமா, விடுங்க. இது வள்ளத்துக் கயிறாக்கும்," என்றேன்.

"தெரியும் மக்களே," என்றார் என்னிடம் மட்டும் மெதுவாக. "வலைக் கயிறுன்னா அலைக்கு அலை கையில இழுக்கும். இது செத்துக் கிடக்கு. நீ சத்தம் காட்டாத. கயித்தில கை வச்சவனுக்குப் பங்கு உண்டுல்லா."

வலை கரையேறியதும் பங்கு வைத்தார்கள். அவருக்கு மட்டும் இல்லை.

"பாட்டா கயிறு வலிச்சதுல வள்ளம் அசையக்கூட இல்லியே," என்றான் ஜிபின். மறுபடியும் சிரிப்பு. வாயில் வந்தபடி அவனை ஏசிவிட்டு, என் கூடையிலிருந்து நாலு சாளையை மாமனிடம் நீட்டினேன்.

"இது தர்மம்லா," என்று கையை விலக்கிவிட்டார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று பிஜி சொல்லி அழுதாள்.

அந்தப் படம் எங்கெல்லாமோ சுற்றியது. கோவளத்தில் தங்குகிற சுற்றுலாக்காரர்கள், அந்தக் கிழவர் எங்கே என்று கேட்டு வந்தார்கள். ஜிபினுக்குக் கொண்டாட்டம். வருகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு, தினமும் மாமனுக்கென்று ஒரு கயிறு கட்டி வைக்கிறான். அவர் இழுக்கிறார். அவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். முடிந்ததும் ஒரு குவியல் மீன் அவர் பையில் விழுகிறது. வலையில் ஒன்றும் படாத நாளில்கூட ஜிபின் எங்கேயாவது வாங்கிக்கொண்டு வந்து போடுகிறான். மாமனும் வாங்கிக்கொள்கிறார்.

நேற்று பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஒங்கள வச்சுக் கூத்து காட்டுதானுவ, மாமா. நாணமா இல்லியா?"

அவர் மீன் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கடலு எனக்கு ஒரு வருஷமாவது தவறாம பங்கு தந்திருக்கா?" என்றார். "இந்தக் கயிறு ஆடியிலயும் தரும்."