நான் ஜெயித்த சனிக்கிழமை

எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் யாரும் பாய் விரிக்கக் கூடாது. சிமென்ட் தரையின் நடுவில் அம்மா சிவப்பு பெயின்டால் தாயக் கட்டம் வரைந்து வைத்திருந்தாள். அந்த நேரம் வந்தால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். நான்கு பெண்கள் தாயம் ஆடும் வீட்டில் ஆண்பிள்ளைக்கு மரியாதை கிடையாது என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை.

அம்மாவும் பெரியம்மாவும் ஒரு கட்சி. பெரியம்மா என்றால் ரத்த உறவு இல்லை. மூன்று வீடு தள்ளி இருந்தவள். அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் செத்துப்போய், பிள்ளையும் இல்லாமல் தனியாக இருந்தாள். எதிர்க்கட்சி, உப்பள மேஸ்திரியின் மனைவி. அவளை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவளுக்கு ஜோடி, தெருமுனைப் பெட்டிக்கடை அக்கா.

அம்மாவும் பெரியம்மாவும் உப்பளத்திலும் ஜோடிதான். அங்கே பாத்திக்கு இரண்டு பேர் என்று ஆள் பிரிப்பார்கள். ஒருத்தி வராவிட்டால் மற்றவளுக்கும் அன்றைக்கு வேலை இல்லை. விடியற்காலை மூன்றரைக்கு இருவரும் கிளம்புவார்கள். அம்மா முன்னால் போவாள், பெரியம்மா அவள் முதுகுக்குப் பின்னாலேயே போவாள். வெயில் ஏறி உப்பு கண்ணைக் கூசவைக்கும்வரை வாரி, கூடையில் அள்ளி, வரப்பு மேல் தலைச்சுமையாக நடப்பார்கள். அங்கே மேஸ்திரி வைத்ததுதான் சட்டம். மேஸ்திரி வீட்டு அத்தை வந்து நின்றாலே மற்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட அத்தையின் காயை, சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் தரையில் அம்மா வெட்டலாம். வெட்டிவிட்டுச் சிரிக்கலாம். அம்மா அதற்காகவே வாரம் முழுக்க உழைத்தாள் என்று எனக்குத் தோன்றும்.

தோற்ற கட்சி அடுத்த வாரம் சுண்டல் கொண்டுவர வேண்டும். பல மாதங்களாகச் சுண்டல் அத்தை வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. "உங்க ஊட்டு அடுப்புக்கு சனிக்கிழமை ஆனா லீவே கெடையாது போல" என்று அம்மா சொல்வாள். அத்தைக்கு மூக்கு சிவந்துவிடும். கட்டையை உருட்டுமுன் அவள் கிழக்கே திரும்பிக் கும்பிடுவாள், ஜாக்கெட்டுக்குள் இருக்கும் தாயத்துக் கயிற்றை எடுத்துக் கட்டையில் தொட்டு வைப்பாள். அப்படியும் அவளுக்கு ஒரு தாயம் விழ அரை மணி நேரமாகும்.

எனக்குப் பதினோரு வயதானபோது பெட்டிக்கடை அக்கா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். நான்காவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அத்தைக்கு ஜோடி, அம்மாவுக்கு எதிரி. அந்த வயதில் அதைவிடப் பெரிய பதவி எனக்கு எதுவும் தெரியாது. ஸ்கூலில் கணக்குப் பாடத்தில் காட்டாத புத்தியையெல்லாம் தாயத்தில் காட்டினேன். எந்தக் காய் எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது, என்ன விழுந்தால் யாருக்கு வெட்டு என்று ராத்திரிப் படுக்கையிலும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

இரண்டு சனிக்கிழமை தோற்றோம். மூன்றாவது வாரம், நாங்கள் ஏன் தோற்கிறோம் என்று நான் கண்டுபிடித்துவிட்டேன்.

பெரியம்மா உருட்டியதும் கட்டையின் மேல் கையை வைத்துவிடுவாள். பித்தளைக் கட்டைகள் இரண்டும் நிற்கும், அடுத்த நொடி அவளுடைய கை அவற்றின் மேல் இருக்கும். பெருவிரல் கட்டையின் குழிகள் மேல் மெதுவாக ஊரும். "அஞ்சு" என்பாள். அல்லது "பன்னெண்டு" என்பாள். கட்டையை அள்ளிக்கொண்டே, "நீயே வைம்மா" என்று அம்மாவிடம் சொல்வாள். அம்மா இரண்டு பேர் காயையும் நகர்த்துவாள். விழுந்த எண்ணை நாங்கள் பார்ப்பதற்குள் கட்டை அவள் கைக்குள் போயிருக்கும். இதைவிடப் பட்டவர்த்தனமான திருட்டு உண்டா? உருட்டிய கட்டையைத் தொடக் கூடாது என்பது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. இத்தனை வருஷம் ஆடிய அத்தைக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று எனக்கு ஆச்சரியம். அத்தை தன் தாயத்துக் கயிற்றைத் தொட்டுக் கும்பிடுவதிலேயே குறியாக இருந்தாள் போலிருக்கிறது.

அன்றைக்கு எங்கள் கடைசிக் காய் பழத்துக்குப் போக இரண்டே கட்டம். அவர்கள் காய் அதற்கு ஒரு கட்டம் பின்னால். தாயம் விழுந்தால் நாங்கள் வெட்டுப்படுவோம். வேறு எது விழுந்தாலும் எங்களுக்கு நல்லது. பெரியம்மா உருட்டினாள். கையை வைத்தாள். பெருவிரல் ஊர்ந்தது.

"தாயம்" என்றாள்.

அம்மா சிரித்துக்கொண்டே எங்கள் காயைத் தூக்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பெரியம்மா கட்டையைத் திருப்புறாங்க. நான் மூணு வாரமாப் பாக்கறேன். இது கள்ளாட்டம்!"

"ஏய், வாயை மூடுடி" என்றாள் அம்மா. அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இரு, பொண்ணு சொல்றதுலயும் நியாயம் இருக்குது" என்றாள் அத்தை. அவளுக்கு உள்ளுக்குள் சுண்டல் கணக்கு ஓடியிருக்க வேண்டும். "தப்பா நெனைச்சிக்காதக்கா. கையை எடுத்துட்டு இன்னொரு தரம் உருட்டு. பாத்துடலாம்."

"வெளையாட்டுக்கு என்னாத்துக்கு இவ்ளோ பஞ்சாயத்து? நீங்களே ஜெயிச்சதா வச்சிக்கோங்க" என்று அம்மா கட்டையை எடுக்கப் போனாள். விட்டுக்கொடுத்தே அறியாத அம்மா அன்று விட்டுக்கொடுத்தாள். அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் எனக்கோ அம்மாவும் இந்தத் திருட்டில் கூட்டு என்றுதான் தோன்றியது. அது தப்பும் இல்லை.

பெரியம்மா கட்டையை உருட்டிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைகள் என் பக்கம் வந்து நின்றன. ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஒன்று. மூன்று.

"சொல்லுங்க பெரியம்மா. எவ்ளோ?"

அம்மா வாயைத் திறந்தாள். "மூ..." என்பதற்குள் நான் எட்டி அவள் வாயைப் பொத்திவிட்டேன். விளையாட்டாகத்தான். என் உள்ளங்கைக்குள் அவள் உதடு அசைந்தது இன்றும் எனக்குத் தெரிகிறது.

பெரியம்மா குனிந்தாள். கட்டைக்கு ஒரு முழம் இடப்பக்கம், வெறும் தரையைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து, பக்கவாட்டில் ஒரு தரம் பார்த்தாள். வாசல் கதவு திறந்துதான் இருந்தது. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம்.

"ஆறு" என்றாள்.

நான் எழுந்து குதித்தேன். "பொய்யி! பொய்யி! மூணு! மாட்டிக்கினாங்க!"

என்னோடு சேர்ந்து சிரிக்க ஆரம்பித்த அத்தை பாதியில் நிறுத்தினாள். தன் கையைத் தூக்கி, பெரியம்மாவின் முகத்துக்கு முன்னால் மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பெரியம்மாவின் கண் இமைக்கவே இல்லை. அவள் இன்னமும் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று லேசாகச் சிரித்தபடி காத்திருந்தாள்.

அம்மா என்னை அறைந்தாள். அதற்கு முன்பும் பின்பும் அவள் என்னை அப்படி அடித்ததில்லை. நான் சுவரில் போய் மோதினேன்.

"எத்தினி நாளா?" என்றாள் அத்தை.

அம்மா தலையைக் குனிந்தாள். "ரெண்டு வருஷமா. இருட்டுல நடக்கறவங்கதானே, யாருக்கும் தெரியல. என் பின்னாடியே வந்துடுவாங்க. மேஸ்திரி அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்க காலுல வேணா வுழறேன்."

பெரியம்மா மட்டும் அமைதியாக, "வுடு. கொழந்தையை ஏன் அடிச்ச?" என்று என் அழுகை வந்த பக்கம் கையை நீட்டினாள். நான் போகவில்லை. கள்ளாட்டம் ஆடியவள் எனக்குப் பரிந்து பேசுவதா என்று கோபம்.

அத்தை நான்கு நாள் சொல்லாமல்தான் இருந்தாள். அப்புறம் சொன்னதற்காக அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்தாம் நாள் பம்ப்செட் கிணற்றுப் பக்கத்துப் பாத்திக்கு அம்மாவையும் பெரியம்மாவையும் போகச் சொல்லியிருக்கிறார் மேஸ்திரி. அந்தக் கிணற்றுக்குச் சுவர் கிடையாது. அத்தை அன்று ராத்திரி அழுதுகொண்டே புருஷனிடம் சொல்லிவிட்டாளாம். மேஸ்திரியும் கத்தவில்லை. எங்கள் வாசலில் வந்து நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா ஓனருக்கு யாரு பதில் சொல்றது? நீயே சொல்லும்மா" என்று கேட்டார். பெரியம்மாவின் வேலை அன்றோடு முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை நான்கு மணிக்கு நான் தரையைத் துடைத்து, கட்டம் பளிச்சென்று தெரிய, காய்களைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். கள்ளாட்டத்தைக் கண்டுபிடித்த கதையை வகுப்பு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இனிமேல் ஆட்டம் ஒழுங்காக நடக்கும் என்று நம்பினேன். அத்தை வரவில்லை. பெரியம்மா வரவில்லை. அம்மா அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவே இல்லை. இருட்டியதும் அப்பா டீக்கடையிலிருந்து திரும்பி வந்து, காய்களையும் என்னையும் பார்த்துவிட்டு லைட்டைப் போட்டார்.

ஆடி பிறப்பதற்குள் பெருமுக்கல்லில் இருந்த பெரியம்மாவின் தம்பி வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தகரப்பெட்டி, ஒரு குடம். டிவிஎஸ் வண்டியில் அவளை ஏற்றி உட்கார வைத்தது அம்மாதான். அவளுடைய கையை எடுத்துத் தம்பியின் தோளில் வைத்தாள். ஜோடி இல்லாததால் அம்மாவுக்கும் அந்த சீசனில் பாதி நாள் வேலை இல்லை.

மழைக்காலம் முடிந்து பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பெருமுக்கல் போனாள். பெரியம்மா கூரைக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு சுத்தமான சேலையில் நான் அவளைப் பார்த்ததே இல்லை. கையில் வேலை எதுவும் இல்லாமலும் பார்த்ததில்லை. நாங்கள் பேசுமுன்பே அம்மா வந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அதிரசம் கொடுக்கச் சொன்னாள். உப்பளத்தில் யார் யார் எந்தப் பாத்தி என்று விசாரித்தாள். அப்புறம் ஊர்ச்செய்தி சொல்வது போல, எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னாள்.

"தம்பி பாண்டிக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டினான். கண்ணு நரம்பு காஞ்சிப்போச்சாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருந்தா, சொட்டு மருந்துலயே நிறுத்தியிருக்கலாம்னாரு. இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லயாம்."

அம்மா "அப்படியா" என்றாள். நான் இரண்டாவது அதிரசத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட் எனக்கு. மரக்காணத்தில் இறங்கும்வரை அம்மா அழுதுகொண்டே வந்தாள். சத்தமில்லை, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் சில்லறையை அவள் கையில் தராமல் என்னிடம் தந்துவிட்டுப் போனார். எல்லாம் என்னால்தான் என்று ஒரு வழியாகப் புரிந்தது போலிருந்தது. அம்மாவின் தோளைத் தொட்டு, "இனிமே நான் யாரையும் காட்டிக்குடுக்க மாட்டேன்மா, சத்தியமா" என்றேன்.

அம்மா முந்தானையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். கண்ணில் மூட்டம் தெரிந்த முதல் மாதமே பெரியம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறாள். "சீசன் முடியட்டும்க்கா, ஜோடி இல்லன்னா எனக்கும் வேலை போயிடும்" என்று தடுத்தவள் அம்மா. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகுதான் அதைச் சொன்னாள். அந்த பஸ்ஸில் எனக்கு அது தெரியாது. காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அவளிடமே சத்தியம் செய்துவிட்டு, அவள் மன்னித்தாளா இல்லையா என்று தெரியாமல், நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.