அழாத பிள்ளைகளின் அறை

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்குத் தொட்டிலக்கா என்று பேர் விழுந்தபோது வயது நாற்பத்து மூன்று. அதற்கு முன் பதினாறு வருஷம் பொத்தான் மெஷினில் இருந்தவள். ஒருநாள் ஊசி ஆட்காட்டி விரலை நகத்தோடு துளைத்துவிட்டது. காயம் ஆறியது, விரல் மடங்கவில்லை, குச்சி மாதிரி நின்றுவிட்டது. அந்த விரலை வைத்துக்கொண்டு பொத்தான் பிடிக்க முடியாது. சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவள் பயந்துகொண்டிருந்தபோது, மேனேஜர் கூப்பிட்டுப் பிள்ளைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

"கஷ்டமில்லாத வேலைம்மா. பால் குடுக்கணும், தூங்க வெக்கணும். சத்தம் மட்டும் வெளிய வரக்கூடாது. அத மட்டும் பாத்துக்கங்க."

காப்பகம் என்றால் ஒரே ஒரு நீள அறை. பழைய துணிக்கட்டு வைக்கிற இடமாக இருந்தது. ஒரு பக்கச் சுவர் வெறும் பலகைத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் நூற்றிருபது மெஷின்கள். பிள்ளை அழுதால் பெற்றவளுக்குக் கேட்டுவிடும், கேட்டால் கை நின்றுவிடும். ஒருத்தி கை நின்றால் அவளிடமிருந்து காலர் வராமல் அடுத்தவள் சும்மா உட்கார வேண்டும், அவளுக்கு அடுத்தவளும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தாய்மார்கள் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். இடையில் எழுந்தால் பேச்சு வாங்க வேண்டும்.

எட்டு மாதத்திலிருந்து மூன்று வயது வரை பத்தொன்பது பிள்ளைகள். அவள் ஒருத்தி. ஒன்றைத் தூக்கினால் மூன்று அழும், மூன்றைச் சமாதானம் செய்வதற்குள் நாலாவது தரையை நனைத்திருக்கும். முதல் வாரம் ஒருநாளும் அவள் மத்தியானச் சோற்றை முழுசாகத் தின்றதில்லை. எட்டாம் நாள் மெஷின் வரிசையைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் அம்மா வந்து, அலமாரியில் ஒரு பாட்டிலை வைத்தாள். சளிக்குக் கொடுக்கிற இனிப்பு மருந்து.

"முன்னாடி இருந்த ஆயாவும் இதத்தான் குடுத்தாங்க. கடையில விக்கிறதுதான, விஷமா என்ன? பதினோரு மணிக்கு அரை ஸ்பூன். மூணு மணி வரைக்கும் உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

தொட்டிலக்கா ஒன்றும் தெரியாதவள் இல்லை. இரண்டு பையன்களை வளர்த்து ஆளாக்கியவள். சளி இல்லாத பிள்ளைக்குச் சளி மருந்து எதற்கு என்று அவளுக்கும் தோன்றியது. முதலில், தொண்டை கிழியக் கத்திய ஒரு பயலுக்கு மட்டும் கொடுத்தாள். அரை மணியில் அடங்கினான். அடுத்த நாள் இரண்டு பேருக்கு. ஒரு மாதம் போனபிறகு, தரை துடைப்பது போல, துணி அலசுவது போல அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. பதினோரு மணிக்கு வரிசையாக வாயைத் திறக்கச் சொல்வாள். இனிப்பு என்பதால் பறவைக்குஞ்சு மாதிரி திறக்கும்.

காலர் தைக்கிறவளின் மகள் வந்து சேர்ந்தது அதற்கப்புறம். வந்தபோது ஒரு வயசும் இரண்டு மாதமும். 'தா' என்றும் 'போ' என்றும் இரண்டு சொல் கையில் வைத்திருந்தாள். கண்டதற்கெல்லாம் 'தா', பிடிக்காத ஆளுக்கெல்லாம் 'போ'. தொட்டிலக்காவையே முதல் நாள் "போ" என்று விரட்டியவள். பஞ்சு மாதிரி கன்னம், அதனால் பஞ்சு என்றே கூப்பிட்டார்கள். நாலைந்து மாதத்தில் பஞ்சு வைத்த இடத்தில் இருக்கிற பிள்ளையாகிவிட்டாள். மற்ற தாய்மார்கள் பொறாமைப்பட்டார்கள். "உனக்கென்னடி, புள்ள இருக்கிற இடமே தெரியல, குடுத்து வெச்சவ நீ" என்பார்கள். காலர்க்காரியும் சிரித்துக்கொள்வாள். அந்த 'தா'வும் 'போ'வும் எப்போது நின்றன என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

பஞ்சு வந்து பத்து மாதம் கழித்து, ஒரு காலை வேளையில், பிள்ளைகளைப் பரிசோதிக்க நர்ஸ் ஒருத்தி வந்தாள். எடை, உயரம் பார்த்தபின் பையிலிருந்து மரக்கட்டைகள், ஒரு சிவப்புப் பந்து, ஒரு டம்ளர் எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினாள். பஞ்சுவை எதிரே உட்காரவைத்துப் பந்தை உருட்டினாள். பஞ்சு அதைப் பார்த்தாள். பார்க்கும்போதே பந்தின் மேல் டம்ளரைக் கவிழ்த்தாள் நர்ஸ்.

"பந்து எங்க?"

பஞ்சு டம்ளரைத் தொடவில்லை. பந்து இருந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுத்துச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். போனது போனதுதான் என்று விட்டுவிட்ட மாதிரி. நர்ஸ் பின்னால் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், கையைத் தட்டினாள். தட்டியபோது திரும்பினாள், கூப்பிட்டபோது திரும்பவில்லை.

"காது கேக்குது," என்றாள் நர்ஸ். "ஒரு வயசுக் குழந்தையே டம்ளரத் தூக்கிப் பாத்துரும். இவளுக்கு ரெண்டு. இன்னும் மூணு நாலு பேரும் மந்தமாத்தான் இருக்காங்க. பகல்ல எவ்வளவு நேரம் தூங்குவாங்க?"

"ஒரு... ரெண்டு மணி நேரம்."

"முழிச்சிருக்கறப்ப யாராச்சும் கூட உக்காந்து பேசுவீங்களா?"

"பேசாம என்ன?"

நர்ஸ் எழுதிக்கொண்டே சொன்னாள்: "பேசணும்கா. பதிலே வராட்டியும் பேசணும். இந்த வயசுல மூளைக்கு அதுதான் சோறு."

அவள் போனபின் மணி பதினொன்று ஆனது. தொட்டிலக்கா பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கழிவறையில் கொட்டினாள்.

அடுத்த பத்து நாள் அந்த அறை சந்தைக்கடையாக இருந்தது. பிள்ளைகள் கத்தின, கடித்துக்கொண்டன, கட்டிப் புரண்டன. அவள் விடாமல் பேசினாள். துணியைக் காட்டி "இது நீலம்" என்றாள், எறும்பைக் காட்டி "இவரு எங்க போறாரு?" என்றாள். தொண்டை கட்டிப்போனது. இரண்டு பிள்ளைகள் கிடுகிடுவென்று தெளிந்தன, ஒன்று அவள் பேசுவதைப் போலவே பேசிக் காட்டியது. பஞ்சு மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் அம்மா இரண்டு தடவை வந்து புது பாட்டிலை வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் தடவை ஒன்றும் வைக்காமல் முறைத்துவிட்டுப் போனாள்.

நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டோடு காலர்க்காரி மகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, டாக்டர் என்னென்னமோ கேக்குறாரு. பகல்ல எப்படி விளையாடுவா, என்ன பேசுவான்னு. எனக்கு என்ன தெரியும்? நீங்கதான பாக்குறீங்க. சொல்லுங்க, எழுதிக்கிட்டுப் போறேன்."

தொட்டிலக்கா பொய் சொல்லியிருக்கலாம். நர்ஸிடம் சொன்ன பொய் தயாராகவே இருந்தது. ஆனால் காலர்க்காரி பேனாவைத் திறந்துவிட்டாள்.

"விளையாட மாட்டா. தூங்குவா," என்றாள். பிறகு பாட்டிலைப் பற்றிச் சொன்னாள்.

காலர்க்காரி கத்தவில்லை. "எத்தன நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"வந்ததிலேர்ந்து."

காலர்க்காரி பேனாவை மூடினாள். "சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் சுருண்டு படுத்துக்குவா. நான் சமைக்கலாம், துவைக்கலாம்னு சந்தோஷப்பட்டேன்கா," என்றாள். பிறகு பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன்பின் அந்தக் கம்பெனிப் பக்கம் வரவில்லை.

விஷயம் வெளியே வந்ததும் மேனேஜர், இப்படியொரு கொடுமை நடப்பது தனக்குத் தெரியவே தெரியாது என்றார். சூப்பர்வைசர் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பாட்டில் வாங்கி வந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. தொட்டிலக்கா சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. வாயில் ஊற்றிய கை அவளுடையதுதானே. நேற்றுவரை "அக்கா, அக்கா" என்று சுற்றிய பெண்கள் கேட்டில் அவள் முகத்தில் காறித் துப்பினார்கள். துடைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் போர்வை மடிக்கும் வேலை கிடைத்தது. மூன்று மாதம் கழித்து மனசு கேட்காமல் காலர்க்காரி வீட்டைத் தேடிப் போனாள். ஒற்றை அறை. கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"அந்த மருந்தாலதான்னும் சொல்ல முடியாதாம், அதனால இல்லன்னும் சொல்ல முடியாதாம். சில புள்ளைங்க பொறப்புலயே இப்படி இருக்குமாம். வாரம் மூணு நாள் பயிற்சிக்குக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. இப்பத்தான் வேற கம்பெனியில சேந்திருக்கேன், போனா வேலை போயிரும்."

"நான் கூட்டிட்டுப் போறேன். எனக்கு ராத்திரி ஷிப்ட்தான்."

காலர்க்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "உங்க கையில தரமாட்டேன்கா. நீங்க உண்மைய சொன்னீங்க, அது இருக்கட்டும். ஆனா இனிமே வராதீங்க. உங்களப் பாத்தா அன்னிக்குப் பூரா எனக்கு வேலை ஓடாது."

உள்ளே பஞ்சு தரையில் உட்கார்ந்து ஒரு செருப்பின் வாரைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். தொட்டிலக்கா பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. திரும்பமாட்டாளோ என்று பயம். அந்தப் பக்கம் அப்புறம் போகவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்துத் தங்கை மகளுக்குப் பிள்ளை பிறந்தது. மூன்று மாதம் துணைக்கு வந்து இருக்கச் சொல்லித் தங்கை கூப்பிட்டாள். "நீ பாக்காத புள்ளையா? உன்ன மாதிரி யாரு பாத்துக்குவா?"

இடுப்பு வலி, குனிய முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். தங்கைக்கு வருத்தம், பேச்சு நின்றுபோனது. இடுப்பில் ஒரு வலியும் இல்லை.