பேச்சை நிறுத்திய டி.ஐ. பாக்ஸ்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். யாரிடமும் கற்காமலே பேஸ் கிடார் வாசித்து, கோவையில் சொந்த ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறேன். கிடாரை மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸ் வாங்கப் போனபோது, கடைக்காரர் மின்சாரமே தேவைப்படாத சாதாரண வகையைக் காட்டினார்.

"எனக்குப் போயி இதுங்களா? இருக்கறதுலயே உசத்தியைக் குடுங்க!" என்று மின்சாரத்தில் இயங்கும் விலை உயர்ந்த வகையை வாங்கிவந்தேன்.

பொள்ளாச்சிப் பக்கம் கோயில் நோம்பி, திருவிழாக் கச்சேரி. நிகழ்ச்சியே என் பேஸில்தான் தொடங்கும். தட்டினேன். சத்தமே இல்லை! எங்கள் மிக்ஸர் அந்த பாக்ஸுக்கு ஒயர் வழியாக மின்சாரம் அனுப்பும். அன்று விழாக்காரர்கள் வைத்திருந்த உள்ளூர் மிக்ஸரில் அந்த வசதி கிடையாது.

"ஏனுங்ண்ணா, விரலு மரத்துப்போச்சுங்களா?" என்று எங்கள் பாடகி சிரித்தாள். கூட்டம் விசிலடித்தது. இத்தனை வருடப் பெயர் போய்விடுமே என்று எனக்கு வியர்த்தது. சமாளிக்க, விழாத் தலைவர் கார்டுலெஸ் மைக்கில் பேச ஆரம்பித்தார்.

பாக்ஸைத் திருப்பினேன். அடியில் சதுர பேட்டரி போட இடம் இருந்தது. தலைவரின் மைக்கிலும் அதே பேட்டரிதான்! ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றினேன்.

"ஏப்பா, நான் இன்னும் முடிக்கலியே!"

"இனி என்ற கிடார் பேசுமுங்க!"

பேட்டரியை பாக்ஸில் போட்டுத் தந்தியைத் தட்டினேன். பந்தலே அதிர்ந்தது. அப்படியொரு கைதட்டலை எவன் வாங்கியிருப்பான்?

இப்போதெல்லாம் மிக்ஸரைப் பற்றி விசாரிக்காமல் வண்டி ஏறுவதில்லை. கடைக்காரர் காட்டிய அந்தச் சாதாரண பாக்ஸும் என் பையில் இருக்கிறது.