இரண்டு ஏஸும் என் கணவரும்: லண்டனில் ஒரு போக்கர் வாரம்

2008 ஜூன் மாதம் நானும் என் கணவர் குமரேசனும் ஈப்போவிலிருந்து லண்டனுக்குப் போனோம். சுற்றிப் பார்க்க இல்லை. போக்கர் ஆட. உறவினர்களிடம் "விடுமுறை" என்று மட்டும் சொல்லிவைத்தோம். நான் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன், அவர் இன்சூரன்ஸ் நிறுவனத்தில். நான்கு வருடமாக வார இறுதிகளில் இருவரும் கணினியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆடிவந்தோம். ஆளுக்கு ஒரு முறையாவது நிஜ மேசையில் பெரிய போட்டி ஆடிப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. இதே மாதிரி போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இந்தப் பதிவு. ஆனால் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரே ஒரு ஆட்டம்.

முதலில் போகும் வழி. கோலாலம்பூரிலிருந்து ஹீத்ரோ பதின்மூன்று மணி நேரம். அங்கிருந்து பிக்காடில்லி ரயில் எடுத்து பாரன்ஸ் கோர்ட்டில் இறங்குங்கள். அதே நடைமேடையின் மறுபக்கம் டிஸ்ட்ரிக்ட் ரயில் வரும், படி ஏறி இறங்க வேண்டாம். ஈஸ்ட் ஹாம் வரை ஒன்றேமுக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய லண்டன் ஓட்டல்களின் விலை கேட்டு மயக்கம் வந்ததால் (ஒரு பவுண்டுக்கு ஆறு ரிங்கிட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்த நேரம்) ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டு மாடி அறை பிடித்தோம். ஒரு இரவுக்கு முப்பது பவுண்டு. வீட்டுக்காரர் அன்டன், மன்னார்க்காரர், மினிகேப் என்கிற வாடகைக் கார் ஓட்டுகிறார். ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்கு நடந்து போனால் ஐந்து நிமிடம். காலையில் இடியப்பமும் சொதியும் கிடைக்கும். சாப்பாட்டுக்கு அலையவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டி. நுழைவுக் கட்டணம் ஆயிரம் பவுண்டு, அது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. முந்தின நாள் சனிக்கிழமை மதியம் ஒரு தகுதிப் போட்டி இருந்தது, நூற்றிப்பத்து பவுண்டு. அதில் பணப் பரிசு கிடையாது. ஐம்பது பேர் ஆடி, கடைசியில் மிஞ்சும் ஐந்து பேருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் ஆளுக்கு ஓர் இடம். முதலாவதாக வந்தாலும் ஐந்தாவதாக வந்தாலும் பரிசு ஒன்றுதான். ஆறாவது ஆள் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் போட்டிகளில் எவ்வளவு சிப் (பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் வில்லை) சேர்க்கிறோம் என்பதே ஆட்டம். இங்கே ஆறாவது ஆளாக ஆகாமல் இருப்பதுதான் ஆட்டம்.

சனிக்கிழமை அன்டன் அண்ணனே காரில் கொண்டுபோய் விட்டார். இருபத்தைந்து பவுண்டு. வார இறுதி என்பதால், நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கான நெரிசல் கட்டணம் இல்லை. வழியில் அவர் கேட்டார்:

"ரெண்டு பேரும் ஒரே போட்டியிலயோ விளையாடுறியள்?"

"ஆமா அண்ணே," என்றேன்.

"அப்ப புருசனும் பெண்சாதியும் நேருக்கு நேர் வந்தா என்ன செய்வியள்?"

குமரேசன் முன் இருக்கையிலிருந்து சிரித்தார். "அவங்கவங்க ஆட்டம் அவங்கவங்களுக்கு, அண்ணே. அங்க போனா நாங்க யாரோ எவரோ."

விமானத்திலும் அதையேதான் பேசியிருந்தோம். சேர்ந்து ஆடினால் அது ஏமாற்று. அதில் எங்கள் இருவருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

கேசினோவின் பெயர் வேண்டாம். பாஸ்போர்ட்டைக் காட்டினால் உள்ளே விட்டார்கள். ஆட்டம் ஒரு மணிக்குத் தொடங்கியது. முதல் நாலரை மணி நேரம் நாங்கள் வேறு வேறு மேசைகளில் இருந்தோம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல சீட்டு வந்தால் ஆடினேன், வராவிட்டால் காத்திருந்தேன். ஐந்தரை மணி வாக்கில் ஆறு பேர் மிச்சம். எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். எனக்கு வலப்பக்கத்து நாற்காலியில் குமரேசன். இடப்பக்கம் பச்சைத் தொப்பி போட்ட ஓர் இளைஞர். எதிரே வெள்ளை முடியோடு ஓர் ஆங்கிலேய அம்மாள். மீதி இருவரும் மலைபோல் சிப் குவித்துவிட்டு, இனி எதற்கும் அசையத் தேவையில்லாமல் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தொப்பிக்காரர் கேட்டார், நீங்கள் இருவரும் ஒன்றாக வந்தவர்களா என்று. கணவன் மனைவி என்று சொன்னோம். அவர் உடனே மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் வந்து மரியாதையாகத்தான் பேசினார். ஆடுவதில் தடையில்லை, ஆனால் உங்கள் இருவருக்கும் இடையில் நடக்கும் ஆட்டத்தைக் கவனிப்போம், தேவைப்பட்டால் சீட்டைத் திறந்து காட்டச் சொல்வோம் என்றார். குமரேசன் தலையாட்டினார். எனக்கு முகம் சுட்டது.

அந்த நேரத்தில் என்னிடம் இருபத்துநாலாயிரம் சிப். குமரேசனிடம் இருபத்தோராயிரம். அம்மாளிடம் பதின்மூவாயிரம். தொப்பிக்காரரிடம் வெறும் ஆறாயிரம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே மூவாயிரம் கட்ட வேண்டும். இந்த ஆட்டத்தில் அது என் முறை; எனக்கு வலப்பக்கம் இருக்கும் குமரேசன் அதில் பாதி கட்ட வேண்டும். அடுத்ததில் தொப்பிக்காரர் முறை, கட்டினால் அவரிடம் இருப்பதில் பாதி போய்விடும். ஆக, அநேகமாக அவர்தான் ஆறாவது ஆள். நாங்கள் இருவரும் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாலே போதும், ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு இடம்.

ஆளுக்கு இரண்டு சீட்டுப் போட்டார்கள். தொப்பிக்காரர் விலகினார். மற்ற மூவரும் விலகினார்கள். குமரேசன் ஒருவர் பாக்கி.

அவர் இரண்டு கையாலும் தன் சிப் மொத்தத்தையும் நடுவே தள்ளினார். "ஆல் இன்."

எனக்கு முதலில் புரியவில்லை. ஏன்? விலகினால் ஆயிரத்தைந்நூறுதான் நஷ்டம். ஏதோ பெரிய சீட்டு வந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டே என் சீட்டின் ஓரத்தைத் தூக்கினேன். இஸ்பேட் ஏஸ். இன்னொன்றைத் தூக்கினேன். ஹார்ட்டின் ஏஸ்.

போக்கரில் இதைவிடப் பெரிய தொடக்கம் கிடையாது. எந்தச் சீட்டுக்கு எதிராகவும் பெரும்பாலும் ஜெயிக்கும். ஆனால் பெரும்பாலும்தான். ஆறில் ஒரு தடவையாவது தோற்கும். தோற்றால் என்னிடம் மூவாயிரம் மிஞ்சும், தொப்பிக்காரருக்கும் கீழே போய்விடுவேன். ஃபோல்ட் செய்தால், அதாவது சீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால், இருபத்தோராயிரத்தோடு பத்திரமாக உட்கார்ந்திருப்பேன். இப்படிப்பட்ட தகுதிப் போட்டியில் இந்த இடத்தில் இரண்டு ஏஸையும் ஃபோல்ட் செய்வதே சரி. இதை நானும் அவரும் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். தள்ளியவர் தொப்பிக்காரராகவோ அம்மாளாகவோ இல்லாமல், என்னளவு சிப் வைத்திருந்த வேறு யாராக இருந்தாலும் நான் யோசிக்காமல் ஃபோல்ட் செய்திருப்பேன்.

தள்ளியவர் என் கணவர்.

மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் ஃபோல்ட் செய்தால் திறந்து காட்டச் சொல்வார். இரண்டு ஏஸ் மேசையில் மல்லாந்து கிடக்கும். கணக்கு அது இது என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? அதுகூடப் பரவாயில்லை. நான் நம்புவேனா? கணக்குக்காக விலகினேனா, பெண்டாட்டியாக விலகினேனா என்று எனக்கே தெரியாமல் போய்விடும். வாழ்க்கை முழுக்கத் தெரியாது.

"கால்," என்றேன். அதாவது, அவர் வைத்த அளவுக்கு நானும் வைக்கிறேன்.

என் ஏஸ்களைத் திறந்தேன். மேசையில் யாரோ விசிலடித்தார்கள். குமரேசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். நடுவழியில் படி ஒன்று இல்லாமல் போனவர் முகம். பிறகு தன் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். டைமண்ட் ஏழு. கிளாவர் இரண்டு. போக்கரில் இதைவிடக் கேவலமான சீட்டு இல்லை. ஆனால் நான் கவனித்தது சீட்டை அல்ல. அதைப் பார்க்க அவரும் எங்களைப் போலவே குனிந்தார்.

எதிரே இருந்த அம்மாள்தான் மெதுவாகச் சொன்னார்: "உங்கள் கணவர் சீட்டைப் பார்க்கவே இல்லையே."

இனி நடுவே இருவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழ வேண்டும். முதல் மூன்று: ராஜா, ஏழு, நாலு. நான்காவது இரண்டு. ஏழும் இரண்டும் ஜோடியாகி அவர் என்னை முந்திவிட்டார். பார்க்காத சீட்டில்! கடைசிச் சீட்டு இன்னொரு ராஜா. மேசையில் ராஜா ஜோடி ஆனதால் இப்போது இருவருக்கும் இரண்டு ஜோடி, என்னுடையதில் ஏஸ் இருப்பதால் என்னுடையது பெரிது. ஆட்டம் முடிந்தது. குமரேசன் ஆறாவது. தொப்பிக்காரர் துள்ளி எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அவருக்கு ஆயிரம் பவுண்டு இடத்தை வாங்கிக் கொடுத்திருந்தேன், என் கணவரிடமிருந்து எடுத்து.

வெளியே இன்னும் நல்ல வெயில். லண்டன் ஜூனில் ஏழு மணிக்கும் பகல்தான். நடைபாதையில் குமரேசன் நின்றிருந்தார்.

"ஏன் கால் பண்ணே?"

"ரெண்டு ஏஸ் வந்துச்சு."

"ரெண்டு ஏஸ்னாலும் அங்க ஃபோல்ட்தான்லா. உனக்குத் தெரியும். அந்தப் பையன் அடுத்த ஆட்டத்துல போயிருப்பான். நாம ரெண்டு பேருமே உள்ள."

"தெரியும். நீங்க சீட்டப் பார்த்தீங்களா?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "பார்க்க வேண்டிய அவசியம் இல்ல. நீ ஃபோல்ட் பண்ணுவேன்னு தெரியும். நீ கட்டின மூவாயிரம் சும்மா வரும்னு நெனச்சேன்."

"அந்த இடத்துல யாரு இருந்தாலும் தள்ளியிருப்பீங்களா?"

"இல்ல. வேற யாராவது இருந்திருந்தா தள்ளியிருக்க மாட்டேன்."

நான் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன். அவர் உண்மையைச் சொன்னார், மிகச் சாதாரணமாக, கடையில் மிச்சக் காசு வாங்குகிற மாதிரி. என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம், நான் எதிர்க்க மாட்டேன், அதற்குத் தன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடத் தேவையில்லை. எம்பாங்க்மென்ட்டில் ரயில் ஏறி, ஈஸ்ட் ஹாம் வரை எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்து வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்ட்ரிக்ட் பாதையில் பராமரிப்பு வேலை. (வார இறுதியில் போகிறவர்கள் முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.) அன்டன் அண்ணன் பூசைக்குப் போய் வந்து கார் எடுத்தார். குமரேசன் அறையைவிட்டு இறங்கவில்லை.

"அவர் வரேல்லையோ பிள்ளை?"

"வரல அண்ணே."

"இரவு முழுக்க மேல நடந்துகொண்டு திரிஞ்சவர். எங்களுக்கும் நித்திரை இல்லை. என்ன, சண்டையோ?"

நடந்ததைச் சொன்னேன். சீட்டாட்டம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு சிக்னல் தாண்டிக் கேட்டார்: "அப்ப அவர் தன்ர சீட்டைப் பாக்கேல்லை எண்டுறியள்?"

"பார்க்கல."

"ஐயோ," என்றார்.

பெரிய போட்டி இரண்டு மணிக்குத் தொடங்கியது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள், கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்கள். நான் மோசமாக ஆடவில்லை. இரண்டாவது இடைவேளையில் நிமிர்ந்து பார்த்தபோது கயிற்றுக்கு அப்பால் குமரேசன் நின்றிருந்தார், சட்டை கசங்கி. ரயில் ஓடாததால் மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். நான் போய்ப் பேசவில்லை. அவரும் கூப்பிடவில்லை. ஆறரை மணிக்கு இரண்டு பத்தோடு எல்லாவற்றையும் தள்ளினேன், எதிரே இரண்டு ராணி. பரிசுக்கு வெகு முன்பே வெளியே. அந்த முடிவு சரியானதுதான், சீட்டு ஒத்துழைக்கவில்லை. அப்படித் தோற்பதில் வருத்தமே இல்லை.

அவர் என் பையை வாங்கிக்கொண்டார். நதிக்கரை வரை நடந்தோம். அங்கேதான் பேசினார்.

"நேத்து நீ ஃபோல்ட் பண்ணியிருந்தா ரெண்டு பேரும் உள்ள இருந்திருப்போம். ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாமப் போயிருக்கும்."

"என்ன தெரியாம?"

"உன்ன நான் எப்படி நெனச்சு வெச்சிருக்கேன்னு."

மன்னித்துவிட்டேனா என்று அவர் கேட்கவில்லை. ஊர் திரும்பியபின் பல நாள் நாங்கள் ஆடவில்லை. இப்போது ஆடுகிறோம். அவர் முன்பு தானே முடிவு செய்த பல விஷயங்களை, வீட்டுக் கடனிலிருந்து அவர் அம்மா எங்கள் வீட்டில் எவ்வளவு நாள் இருப்பார் என்பது வரை, இப்போது என்னிடம் கேட்கிறார். சில நாள் அது எனக்குச் சந்தோஷம். சில நாள், இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை என்று புதிதாக அதிர்ச்சியாகிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கேசினோவுக்குப் பாஸ்போர்ட் கட்டாயம், நகல் உதவாது. உள்ளே சாப்பாடு விலை அதிகம், ஈஸ்ட் ஹாமிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுப் போங்கள். தகுதிப் போட்டி ஆடுவதென்றால் எத்தனை இடம், எத்தனை பேர் மிச்சம் என்பதை உங்கள் சீட்டைவிட அதிகம் கவனியுங்கள். கணவன் மனைவியாகப் போகிறவர்கள் வேறு வேறு நாளில் ஆடுங்கள். தொடக்கத்தில் வேறு மேசை கேட்டு வாங்கலாம், கடைசி மேசை ஒன்றே ஒன்றுதான்.

அந்த இடத்தில் இரண்டு ஏஸை ஃபோல்ட் செய்ய வேண்டுமா என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள், தெரியும். செய்ய வேண்டும். எந்தக் கணக்கும் அதைத்தான் சொல்லும், நானும் அதையே சொல்வேன். அதே இடத்தில் மறுபடியும் என்னை உட்கார வைத்தால் மறுபடியும் கால் சொல்வேன்.