துடைப்பம் கட்டிய வாசல்

நசுங்கிய திராட்சையின் வாசனை எங்கிருந்து வந்தாலும் சரி, எனக்கு நின்ற இடத்தில் கால் நிற்காது. ராயபுரத்து வீட்டு வாசலில், பத்து வயதுச் சிறுமியாய், கையெல்லாம் ஊதாவாக நின்றுகொண்டிருப்பேன்.

நைனா, என் அப்பா, கப்பலில் இன்ஜின் அறைத் தொழிலாளி. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய்ச் சில வருடங்களே ஆகியிருந்தன. ஜெர்மனியில் கப்பல் பழுதாகி நின்றபோது, ரிப்பேருக்கு வந்த மெக்கானிக் அவரை ரயிலேற்றித் தன் கிராமத்துக்கு அழைத்துப் போனானாம். மலைச்சரிவெல்லாம் திராட்சைக்கொடி. சொந்தத் திராட்சையில் ஒயின் வடிக்கும் குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே பெஞ்சு போட்டு ஊருக்குச் சாப்பாடு பரிமாறுவார்கள். இன்று உண்டு என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு துடைப்பம் கட்டுவார்கள். நைனாவுக்கு அது தெரியாது. நம்மைப் போன்றவர்கள் வரக்கூடாது என்கிறார்கள் என்று எண்ணி, குளிரில் தெருவிலேயே நின்றுவிட்டார். மெக்கானிக்கின் அம்மா வெளியே வந்து, மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், ஊராரோடு சேர்த்து உட்காரவைத்தாள். பச்சைக் காலுள்ள கண்ணாடிக் கோப்பையில் ஒயின். வெங்காயமும் முட்டையும் பரப்பிச் சுட்ட ரொட்டி. எச்சில் தட்டைக்கூட அவளே எடுத்தாளாம்.

ஊர் திரும்பி நைனா இதைச் சொன்னதும் அம்மாவின் அண்ணன், என் மாமா, சிரித்தார். துறைமுக ஆபீசில் துரையின் அறைவாசலில் இருபது வருடம் டபேதாராக நின்றவர் அவர்.

“வெள்ளக்காரி உன் எச்சத்தட்ட எட்த்தாளா? தொடப்பம் கட்னதே உன்ன தொரத்தத்தான் மாப்ள. கப்பல்ல சரக்கோட புளுகையும் ஏத்திகினு வந்துட்டியா?”

தெருப் பிள்ளைகள் என்னைத் துடைப்பக்கட்டை என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நைனா பொய்யரா இல்லையா என்பதைவிடப் பெரிய கேள்வி அப்போது உலகத்தில் எனக்கில்லை.

“ஞாயித்துக்கெயம பூசை முட்சிட்டு வா மச்சான். அந்த வூட்ட இங்கியே காட்றேன்,” என்றார் நைனா.

அம்மா தலையிலடித்துக்கொண்டாள். மதுவிலக்குக் காலம், ஒயினுக்கு எங்கே போவது? பன்னீர்த் திராட்சையை நானும் நைனாவும் பிழிந்தோம். வெங்காய ரொட்டியைத் தண்டையார்பேட்டை பாய் தன் ரொட்டி அடுப்பில் சுட்டுத் தந்தார். இரண்டு மண்ணெண்ணெய் டின்னுக்கு மேல் ஒரு பலகை, அதுதான் பெஞ்சு. கடைசியாக, வாசல் நிலையில் ஒரு புதுத் துடைப்பம்.

மாமா வந்தார். துடைப்பத்தைப் பார்த்தார். வந்த வேகம் நின்று, தெருவிலேயே நின்றார்.

அவருக்குப் பின்னால் எங்கள் தெருவைக் கூட்டும் கார்ப்பரேஷன் அம்மாள். எந்த வீட்டுக்குள்ளும் அவள் நுழைந்து நான் பார்த்ததில்லை.

“தொடப்பம் தொங்குதே, எங்க கூட்டணும் சாமி?”

நைனா திகைத்துப்போனார். இது அவர் போட்ட திட்டத்தில் இல்லாதது. பிறகு இறங்கிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கூட்ட வாணாம்மா. வந்து துன்னு.”

“கைய வுடு சாமி. பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க?”

நைனா விடவில்லை; உள்ளே கூட்டிவந்தார். அவள் பலகை நுனியில் ஒட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து தன் தகரக் குவளையை எடுத்து நீட்டினாள். அதை ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் வீட்டுக் கண்ணாடி டம்ளரில் திராட்சைச் சாற்றை ஊற்றினார் நைனா. ஒரு வாய் குடித்தாள். ரொட்டியைப் பிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தெருவில் நின்ற மாமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயக் காரம் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

திரும்பி வந்தபோது மாமா உள்ளே இருந்தார். அவளுக்கும் தனக்கும் நடுவில் இரண்டு ஆள் உட்காரும் இடம் விட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் தட்டை நைனா எடுத்தார். மாமாவின் தட்டையும் எடுத்தார். ராயபுரத்துக் கிரேன்களைவிட என் நைனா உயரம் என்று அன்று தோன்றியது. தோன்றியதை மாற்றிக்கொள்ள இன்றுவரை அவசியம் வரவில்லை.

புறப்படும்போது மாமா செருப்பை மாட்டிக்கொண்டே நின்றார்.

“மாப்ள, அந்த வெள்ளக்காரியம்மா உன் கையப் புட்ச்சி இட்டுனு போனப்போ, நீ இன்னா பண்ணே?”

நைனா என்னை ஒரு முறை பார்த்தார். வீரமாக ஏதாவது சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“அயுதுட்டேன் மச்சான்.”

எல்லாம் போயிற்று, நைனா தோற்றுவிட்டார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அப்ப நெசந்தான்,” என்றார் மாமா.