ஏழாம் வரிசையில் என் பெயர்

என் தங்கை நோல்வியா தையல் ஆலைக்குள் நுழைந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. பக்கத்து ஊரான சொலோமாவில் ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பதினெட்டு ஆகாதவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதனால் என் பிறப்புக் காகிதத்தை அவளிடம் கொடுத்தேன். லா லீமா தோட்டத்தில் வாழைத்தார் கழுவிப் பெட்டி கட்டும் எனக்குக் காகிதம் எதற்கு? அடையாள அட்டையும் நான் எடுத்ததில்லை. அவள் என் பெயரில் தன் முகத்தை ஒட்டி ஒன்று எடுத்துக்கொண்டாள். ஆலைக்குள் அவள்தான் எர்லிந்தா.

சட்டைக் கழுத்துப் பட்டி தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எங்கள் தெருவில் முதல் சிமெண்டு தரை அவள் சம்பளத்தில் விழுந்தது. அம்மாவுக்கு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. பதினாறில் பிள்ளை பெறும் ஊரில், "கல்யாணத்துக்கு இப்ப என்ன அவசரம்?" என்று அப்பாவையே கேட்டாள். அவரும் அதற்குப் பிறகு மாப்பிள்ளைப் பேச்சை எடுக்கவில்லை.

ஐந்து வருஷம் போனது. அக்டோபரில் பெரும்புயல் வந்து தோட்டம் முழுவதும் சேறாகிவிட்டது. கம்பெனி எங்களை நிறுத்திவிட்டது. ஆண்கள் வீட்டு வாசலில் சீட்டாடினார்கள். ஆட்களை எடுத்தது ஆலை மட்டும்தான், அதுவும் பெண்களை மட்டும். எனக்கு இருபத்தொன்பது. முப்பது தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள்.

"என் பேரைத் திருப்பிக் குடுடி" என்றேன்.

"ஜனவரியில என்னை லைன் தலைவியா ஆக்கறாங்க அக்கா. இப்ப போய் நான் எர்லிந்தா இல்லன்னா சும்மா விடுவாங்களா? என் காகிதத்தை நீ எடுத்துக்க. ஒரே நாள்ல இருபது வயசு ஆயிடுவ, கசக்குதா?"

"அம்மா வச்ச பேரை விட்டுட்டு, நோல்வியான்னு எவளோ கூப்பிட்டா நான் ஓடணுமா?"

"நான் அஞ்சு வருஷமா ஓடலியா?"

அவள் சொன்னது சரி என்று தெரிந்ததும்தான் எனக்குப் பிடிவாதம் கூடியது.

திங்கட்கிழமை அவள் பெட்டியிலிருந்து என் பிறப்புக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் ஆலை வாசலில் நின்றேன். ஆள் எடுக்கும் பெண் ஏட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள்.

"எர்லிந்தாதான் உள்ள ஏழாம் வரிசையில உக்காந்திருக்காளே. நீ யாரு, அவ ஆவியா?"

"நான்தான் எர்லிந்தா" என்றேன். அதுவே போதுமானதாக இருந்தது.

மதியத்துக்குள் நோல்வியாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். தங்கைக்குக் காகிதம் கொடுத்தவள் என்று என்னையும் எடுக்கவில்லை. அவள் கத்தரிக்கோலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை. பிறகு வேலை கேட்டுப் போன ஆலைகளிலும், ஏமாற்றியவள் என்று அவள் பெயர் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

இப்போது அதே வாசலில் அவரை மசியல் வைத்த ரொட்டி விற்கிறாள். நான் மாவு பிசைந்து கொடுக்கிறேன். அவளோடு தைத்தவர்கள் சிலர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். சங்கு ஊதியதும் வந்து, "எர்லிந்தா, ரெண்டு குடு" என்கிறார்கள். அவள் நிமிர்கிறாள். பக்கத்திலேயே இருக்கும் நான் தலையைக் குனிந்து மாவைப் பிசைகிறேன்.

அந்தப் பெயரை அவளே வைத்துக்கொள்ளட்டும். இதை அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.