காலர் மிஷினும் குற்றால சீசனும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறர் வாயால் நீங்கள் கேட்பதற்குள் நானே சொன்னால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். எத்தியோப்பியாவில் ஹவாசா என்கிற ஏரிக்கரை ஊரில், சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சியாளனாகச் சேர்ந்த முதல் மாதம் முழுக்க, அங்கே வேலை பார்க்கும் பெண்கள் என்னைக் கண்டு நடுங்குகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எதைக் கேட்டாலும், தேள் கொட்டியதுபோல ‘ஹ்ஹா’ என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். நூல் மாற்றினாயா? ஹ்ஹா. சாப்பிட்டாயா? ஹ்ஹா. எல்லாம் என் மீசையால் வந்த வினை என்று முடிவுகட்டி அதை மழித்தேன். மறுநாளும் இழுத்தார்கள். கடைசியில் லைன் சூப்பர்வைசர் அபேபாதான் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு விளக்கினாள்: அந்த ஊரில் ‘ஆமாம்’ சொல்வதே அப்படித்தானாம். எட்டு வருடமாகிறது. மீசை திரும்ப வந்துவிட்டது. இப்போது வீட்டில் மனைவி எதையாவது கேட்டால் நானும் மூச்சை உள்ளே இழுக்கிறேன். “ஏன் இப்படிச் சலிச்சுக்கிறீங்க?” என்று சண்டைக்கு வருகிறாள்.

என் பிழைப்பு இன்னதென்று ஊரில் யாருக்கும் விளங்காது. ஒரு சட்டை முப்பது நாற்பது கை மாறித்தான் முழுசாகும். ஒருத்தி காலர் பிடிப்பாள், ஒருத்தி கை ஏற்றுவாள், ஒருத்தி பட்டன் வைப்பாள். எந்த இடத்தில் வேலை தேங்குகிறது என்று ஸ்டாப்வாட்ச்சோடு நின்று பார்த்து, தேக்கத்தை நீக்க வழி சொல்வது என் வேலை. “அடுத்தவ தைக்கதப் பாக்கதுக்கா ஒனக்குச் சம்பளம் தாரான்?” என்று தென்காசிச் சேக்காளி ஒருவன் கேட்டான். அதுவும் சரிதான். ஆனால் பார்க்கவும் ஒரு பக்குவம் வேண்டும். ஹவாசாவில் என் மேசைக்கு மேலே ஒரு நாட்காட்டி தொங்குகிறது. அவர்களுடைய விரதங்கள், திருநாட்கள் எல்லாம் அதில் உண்டு. பக்கத்து வீட்டில் காப்பிக்குக் கூப்பிட்டால் மூன்று சுற்று முடியாமல் எழுந்திருக்கக் கூடாது என்பதைக்கூட அபேபா சொல்ல, ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். மனிதர்களின் வழக்கம் தெரியாமல் மிஷின் பக்கம் போகாதீர்கள் என்று புதியவர்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான்.

அப்பேர்ப்பட்டவனைப் போன ஆனி மாதம் சொந்த ஊரே கூப்பிட்டது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் ஒரு சட்டைக் கம்பெனி. குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் அங்கே வேலை படுத்துவிடுகிறதாம். வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். முதலாளி அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார்.

“நாலாம் லைன் சூப்பர்வைசர் மாறிப் போறாரு தம்பி. அந்த எடத்துக்கு, காலர் பிடிக்கிற பிள்ளையப் போடலாமான்னு ஒரு யோசனை. டோக்கன் நம்பர் நாப்பத்தேழு. அதுவே வந்து கேட்டுது. இதுவரைக்கும் பொம்பளையாள போட்டதில்ல, பாத்துக்கிடுங்க. நீங்க எழுதிக் குடுக்கத வச்சுத் திங்கக்கிழம முடிவு சொல்லிருவேன்.”

சொந்த ஊருக்கு எதற்கு நாட்காட்டி என்று ஸ்டாப்வாட்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், மதுரையிலிருந்து மாமனார், மாமியார், மச்சினன் குடும்பம் என்று ஒன்பது பேரை இலஞ்சியில் என் சித்தி மகள் பேச்சியம்மாள் வீட்டில் இறக்கிவிட்டேன். நடந்தே அருவிக்குப் போகலாமே! எனக்குக் கவனம் சிதறக் கூடாது, அதனால் நான் மட்டும் தென்காசியில் லாட்ஜ்.

புதன் முதல் சனி வரை நாலாம் லைனை அளந்தேன். கணக்குச் சுத்தமாக வர வேண்டும் என்பதற்காக, நான் அளக்கும் நாட்களில் யாரும் தன் மிஷினை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு போட்டேன். டோக்கன் நாற்பத்தேழு நான்கு நாளும் வரவில்லை. காலர் மிஷின் முன்னால் சட்டைகள் அம்பாரமாகக் குவிந்தன. மாரி என்றொரு பெண் வந்து, “சார், நான் வேணா காலர்ல ஒக்காரட்டா?” என்றாள். “கூடாது” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். என் கண்டிப்பை மெச்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சனி மாலை ரிப்போர்ட் கொடுத்தேன். அதில் ஒரு வரி: டோக்கன் நாற்பத்தேழு பொறுப்பான பதவிக்கு உகந்தவர் அல்ல.

ஞாயிறு காலை இலஞ்சிக்குச் சாப்பிடப் போனேன். கொடி முழுக்க ஈரத்துண்டுகள். மாமியார் நான்காவது தோசையில் இருந்தார். பேச்சி அடுப்படியில் வேர்த்து நின்றாள்.

“ஏட்டி பேச்சி, நீயும் ஏதோ தையல் கம்பெனிக்குப் போறதா சித்தி சொன்னாளே. லீவா?”

“நாலு நாளா லீவு.”

“எந்தக் கம்பெனி?”

“நீங்க வாட்ச்ச வச்சுக்கிட்டு நிக்கியளே, அதே கம்பெனிதான்.”

“டோக்கன்?”

“நாப்பத்தேழு.”

பிட்ட தோசையைத் தட்டிலேயே போட்டேன். “மொதல்லயே சொல்லக் கூடாதாட்டி?”

“சொன்னா? அண்ணன் சிபாரிசுல சூப்பர்வைசர் ஆயிட்டாம்பாவ. எனக்கு அது வேண்டாம்.”

“லீவாவது போடாம இருந்திருக்கலாம்லா?”

“ஒம்போது பேர வீட்ல விட்டுட்டு நான் பையத் தூக்கிட்டுக் கெளம்பினா ஒங்க மாமியா என்ன நெனைப்பாவ? எப்ப போறியன்னு கேக்கத்தான் முடியுமா?” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சீசனுக்கு யார் வீட்டுக்கு எப்ப ஆள் வரும்னு பேசி வச்சு, லீவு போட்டவ மிஷின்ல நாங்களே மாத்தி மாத்தி ஒக்காருவோம்ண்ணே. மாரிக்குக் காலர் பிடிக்க நான்தான் சொல்லிக்குடுத்தேன். அந்த சூப்பர்வைசர் பாதி நாளு விடமாட்டாரு. அதான் அந்த வேலைய எனக்குத் தாங்கன்னு கேட்டேன். இந்தத் தடவ என்னடான்னா எவனோ ஒரு கிறுக்கன் வந்து, எந்திரிக்கவே பிடாதுன்னுட்டானாம்.”

“அந்தக் கிறுக்கன்…”

“தெரியும்ண்ணே. சட்னி ஊத்தவா?”

சாயங்காலமே அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். “தேக்கம் எங்கன இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன் அண்ணாச்சி.”

“எங்கன?”

“நான்தான்.”

முழுக்கதையும் கேட்டார். சிரிக்கவில்லை. “நேத்து ஆகாதுன்னிய. இன்னைக்குத் தங்கச்சின்னதும் ஆகும்ங்கியளோ?” என்றார். எதற்குப் பயந்து பேச்சி நான்கு நாளாக வாயைத் திறக்காமல் இருந்தாளோ, அதை நானே அவள் தலையில் கொண்டுவந்து இறக்கியிருந்தேன். “என் பேச்சை நம்ப வேண்டாம். நாளைக்கு அந்தப் பிள்ளைகளை அவங்க இஷ்டத்துக்கு உட்காரவிட்டு, நீங்களே நின்னு பாருங்க. நான் உள்ளேயே வரல” என்று கும்பிட்டேன்.

திங்கட்கிழமை நான் வாசலில் காவலாளியோடு நின்றேன். பேச்சி இலஞ்சியில் என் மாமனாருக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே மாரி காலருக்கு மாற, மாரியின் இடத்துக்கு இன்னொருத்தி மாற, மத்தியானத்துக்குள் குவியல் கரைந்துவிட்டதாம். அண்ணாச்சி வெளியே வந்து, “அந்தப் பிள்ளை இல்லாமலே அது சொல்லிக்குடுத்ததுல லைன் ஓடுது. அதுக்கு மேல என்ன வேணும்?” என்று ரிப்போர்ட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய மறுநாள் பேச்சி சூப்பர்வைசராக உள்ளே போனாள்.

இப்போது அவள் லைனில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறாள்: யார் வீட்டுக்கு எந்த வாரம் விருந்தாளி, அன்றைக்கு யார் எந்த மிஷினில். அதன் படத்தை அபேபாவிடம் காட்டினேன். “இதில் உன் பெயர் எங்கே?” என்றாள். அது என் ஊர், நான் விருந்தாளி இல்லை என்றேன். “அப்படியா?” என்றாள். காப்பி இரண்டாவது சுற்றில் இருந்தது, எழுந்து போகவும் முடியவில்லை. இங்கே ஊருக்குப் போவதற்காக நான் லீவு கேட்கிறேன். அங்கே நான் வருவதற்காக அவர்கள் லீவு கேட்கிறார்கள். எனக்கென்று மிஷின் போட்டிருக்கிற ஊர் எதுவென்று ஏரியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, யோசனையெல்லாம் நமக்கு எதற்கு என்று பேச்சிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: “இந்த ஆனிக்கும் வருகிறோம் பேச்சி. அதே ஒன்பது பேர்தான், என்னையும் சேர்த்தால் பத்து. எந்த வாரம் உனக்குத் தோது?”

உடனே பதில் வந்தது.

“சீசன் முடிஞ்சு வாங்கண்ணே.”